மாநகர வீதியில் மோட்டார்ப் பந்தயம்: பணம் யாருடையது?

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாளும் செப்டெம்பர் 1ஆம் நாளும் சென்னை மாநகரின் நடு மார்பிலே ஒரு மோட்டார்ப் பந்தயம் நடந்தேறியது. தீவுத்திடலிற் புறப்பட்டு, கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் ஆகியவற்றைச் சுற்றி மீண்டும் தீவுத்திடலுக்கே வந்து சேரும் 3.5 கிலோ மீற்றர் வீதி அந்நாட்களிலே பந்தயத் தடமாக மாறியது. இரவைப் பகலாக்கும் விளக்குகளின் கீழ்க் கார்கள் பறந்தன. தென்னாசியாவிலேயே நகர வீதியில் நடைபெறும் முதலாவது இரவுப் பந்தயம் இதுவென்று முரசறையப்பட்டது. 2011, 2012ஆம் ஆண்டுகளிலே கொழும்பு நகர வீதிகளை மறித்து, ஆட்சிப் பீடத்தின் ஆசியோடு நடத்தப்பட்ட இரவுப் பந்தயங்களைக் கண்டும் கேட்டும் இருக்கும் நமக்கு இந்த முரசொலி சிறிது நகைப்பையே தந்தது. ஆயினும் அது போகட்டும். விளம்பரம் எழுதுவோருக்குச் சரித்திர ஞானம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சென்னையிலே நடந்த ஒரு காரியத்தைப் பற்றி யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கும் வவுனியா வைத்தியருக்கும் என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கவலை உண்டு. ஒரு நகரம் தன் வீதியையும் தன் திறைசேரியையும் எதற்காகத் திறந்துவிடுகிறது, எவருக்காகத் திறந்துவிடுகிறது என்பது எந்த நாட்டுக் குடிமகனும் கேட்க வேண்டிய கேள்வி. வரி கொடுப்பவன் எங்கிருந்தாலும் வரி கொடுப்பவனே. அதிலும் தமிழ் பேசும் அரசாங்கம் ஒன்று செய்வதை நாம் பிற அரசாங்கங்கள் செய்வதைக் காட்டிலும் கூர்ந்து கவனிப்பது இயல்பு. அது நன்றாயிருந்தால் நமக்குப் பெருமை; பிழைத்தால் நமக்கும் ஒரு நோவு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். மோட்டார்ப் பந்தயத்துக்கு நாம் விரோதிகளல்லர். அதை மேனாட்டான் விளையாட்டு என்று ஒதுக்குவோரின் கூட்டத்திலும் நாம் இல்லை. சென்னைக்கும் அந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்திலே கிடந்தது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தோன்றியது. அந்தப் பழைய ஓடுதளத்திலே வைக்கோற் கட்டுகளையும் பீப்பாய்களையும் எல்லையாக வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பந்தயம் நடந்தது. மகாராசாக்களும் ஓடினர், சொந்தக் கையால் இயந்திரத்தைச் செப்பனிட்டுக்கொண்டு வந்த தொழிலாளரும் ஓடினர். பிறகு அந்தக் கழகமே 1990இல் சிறீபெரும்புதூருக்கு அண்மையில் இருங்காட்டுக்கோட்டையிலே நிரந்தரமான பந்தயத் தடம் ஒன்றை அமைத்தது. கோயம்புத்தூரிலே கரிவரதன் என்பார் சிறிய பந்தயக் கார்களைத் தாமே கட்டி இளைஞரைப் பழக்கினார்; அவர் பெயராலேயே அங்கும் ஒரு தடம் இன்று நிற்கிறது. அந்தக் கோயம்புத்தூர் மண்ணில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன்தான் 2005இல் போர்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்தார். டயர்த் தகராறினாலே மற்றவர்கள் விலகிக்கொள்ள, அன்று ஓடியவை ஆறே கார்கள் என்பதை அவரது அன்பர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. நாம் குறை சொல்வதற்காகச் சொல்லவும் இல்லை. அவருக்குப் பின்னர் 2010இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அதே பந்தயத்தில் இறங்கினார். ஆகவே தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையிலே பாரம்பரியம் உண்டு, தடம் உண்டு, ஆள் உண்டு.

இங்கேதான் முதற் கேள்வி எழுகிறது. நகரத்திலிருந்து சுமார் 40 கிலோ மீற்றர் தொலைவிலே நிரந்தரமான தடம் ஒன்று இருக்கும்போது நகரத்தின் நடுவீதியைத் தடமாக்குவானேன்?

வீதியைப் பந்தயத் தடமாக்குவது எளிய வேலையென்று எண்ணிவிடக் கூடாது. சாதாரணக் காருக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் தரையோடு தரையாகப் பதிந்து ஓடும் பந்தயக் காருக்கு எமனாகும். எனவே தார்த்தளத்தை முற்றாக மீள இட வேண்டும். வீதியின் நடுவேயுள்ள தடுப்புகளையும் விளக்குக் கம்பங்களையும் பெயர்க்க வேண்டும். இரு மருங்கிலும் பாரமான சீமெந்துச் சுவர்த் துண்டங்களை அடுக்கி, உடைந்த சில்லு பறந்து பார்வையாளர் மீது விழாதபடி அவற்றின்மேல் உயரமான உருக்குக் கம்பிவலை பொருத்த வேண்டும். திருப்பங்களிலே மோதுகையைத் தாங்கும் தடுப்புகள் வேண்டும். இரவுப் பந்தயமானால் நிழல் விழாத விளக்குகள் வேண்டும். கார்களைப் பழுது பார்க்கும் கொட்டகைகள், தற்காலிக வைத்திய நிலையம், தீயணைக்கும் படை, பார்வையாளர் மேடைகள் எல்லாம் வேண்டும். பின்னர் சர்வதேச மோட்டார்ச் சம்மேளனத்தின் பரிசோதகர் வந்து சுற்றிப் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். இவ்வளவும் இரண்டு நாளைக்கு! மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து வீதியைப் பழைய வீதியாக்க வேண்டும். நிரந்தரத் தடத்திலே ஒருமுறை செய்யும் செலவை வீதித் தடத்திலே ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டியிருக்கிறது. நெற்களத்தை ஒவ்வொரு போகமும் புதிதாகக் கட்டி, சூடு மிதித்தவுடன் இடித்துவிடும் கமக்காரனை நம் ஊரார் என்னவென்று அழைப்பார்கள்?

சென்னையிலே சான்றிதழ் கிடைப்பதிலே தாமதமும், போதாக்குறைக்கு மழையும் சேர்ந்து முதல் நாள் ஓட்டம் இரவுவரை இழுபட்டது. உயர் நீதிமன்றம் சான்றிதழுக்குத் தவணை குறித்து, பின்பு அத்தவணையை நீடிக்கவும் நேர்ந்தது. மறுநாள் தெருநாய் ஒன்று தடத்துக்குள் புகுந்து ஓடியது. அந்த வீதியிலே அதற்கு இருந்த அனுபவப் பாத்தியதையை எவரும் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கவில்லை போலும்.

இப்படி ஓடியவை எவை? பத்திரிகைகளிலே படத்தைப் பார்த்த பலர், உலகப் புகழ்பெற்ற போர்முலா ஒன்று பந்தயமே சென்னைக்கு வந்துவிட்டதாக எண்ணினர். ஓடியவை போர்முலா நான்கு கார்கள். 15 வயது நிரம்பிய பிள்ளைகள் சிறு கார்ட் வண்டிகளை விட்டு முதன்முதலாக ஏறும் படி அது. அந்தப் படி வேண்டியதுதான். அதில் ஏறாமல் மேலே போக முடியாது. ஆனால் பழகும் பிள்ளைக்கு இருங்காட்டுக்கோட்டைத் தடம் போதாதா? மணிக்கு 200 கிலோ மீற்றரையும் தாண்டக்கூடிய காரிலே பழக்கம் போதாத இளைஞரை ஏற்றி, விலகி ஓட இடமில்லாத சுவர்களுக்கிடையே விடுவதைவிட, வழுக்கினாலும் புல்லிலும் மணலிலும் போய் நிற்கக்கூடிய திறந்த தடத்திலே விடுவது அல்லவா புத்தி? எனவே பிள்ளைகளின் பயிற்சிக்காக வீதி வேண்டியிருக்கவில்லை. காட்சிக்காக வேண்டியிருந்தது. கோட்டையும் கடற்கரையும் நேப்பியர் பாலமும் பின்னணியாக நிற்கும் படம் இருங்காட்டுக்கோட்டையிலே கிடைக்காது.

அந்தப் படத்துக்கு விலை என்ன? பந்தயத்தை நடத்தியது தனியார் கம்பெனி. தமிழ்நாடு அரசாங்கம் தன் விளையாட்டு ஆணையத்தின் மூலம் அக்கம்பெனியோடு கைகோத்து, 42 கோடி இந்திய ரூபாவைத் தன் பக்கத்திலிருந்து செலவிட்டது. வீதியின் வாடகையை இந்தக் கணக்கிலே யாரும் எழுதவில்லை. மாற்று வழியிற் சுற்றிப் போன பேருந்துப் பயணியின் நேரத்தையும் எழுதவில்லை. தடத்தின் அருகே ஓமந்தூரார் தோட்டத்திலே அரசாங்கப் பெருவைத்தியசாலை நிற்கிறது. (அந்தக் கட்டடமே ஒரு தனிக் கதை. சட்டமன்றமாக 2010இல் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதனால் வைத்தியசாலையாக உருமாறியது அது.) நோயாளர் படுத்திருக்கும் இடத்துக்கு அருகே இயந்திர இரைச்சல் தகுமா, பொதுப்பணத்தைத் தனியார் பந்தயத்துக்குச் செலவிடலாமா என்று வழக்குகள் எழுந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் பந்தயத்துக்குத் தடை விதிக்காமல் நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஆனால் அரசாங்கம் செலவிட்ட 42 கோடியைக் கம்பெனி திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்லிற்று. 2025இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டளையை நீக்கிவிட்டது.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். அரசாங்கம் எதற்குப் பணம் செலவிடலாம் என்பதை நீதிபதிகள் தீர்மானிக்கத் தொடங்கினால் தேர்தல் எதற்கு? ஆனால் சட்டம் தடுக்காத செலவெல்லாம் சரியான செலவாகிவிடாது. நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்ட இடத்திலேதான் பொதுமக்களின் பொறுப்புத் தொடங்குகிறது.

பந்தயம் முதலிற் குறிக்கப்பட்டிருந்த நாளை இங்கே நினைவுகூர வேண்டும். 2023 டிசெம்பர் 9, 10ஆம் நாட்களில் அது நடப்பதாக இருந்தது. அதற்கு ஒரு வாரத்துக்கு முன் மிக்யாங் புயல் கடலோரத்திலே தங்கி நின்று கொட்டியது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீதிகள் ஆறுகளாயின. வீடுகளிலிருந்து மக்களைப் படகிலே ஏற்ற வேண்டியதாயிற்று. பந்தயம் ஒத்திவைக்கப்பட்டது. அது தக்க முடிவுதான். அந்த அளவுக்கு அரசாங்கத்தைப் பாராட்டலாம். ஆனால் ஒரு வீதியிலே 3.5 கிலோ மீற்றருக்குக் கண்ணாடிபோலத் தார் இட்டுக்கொண்டிருந்த அதே வேளையில், பிற வீதிகளிலே வடிகால் இல்லாமல் தண்ணீர் தேங்கிய காட்சியைச் சென்னைவாசிகள் மறந்துவிடவில்லை. 42 கோடியால் சென்னையின் வெள்ளம் வடிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அந்த நகரத்தின் வடிகால் வேலைக்கு அது சிறு துளி. எனினும் எது முதலில் என்ற கேள்வி பணத்தின் அளவைப் பொறுத்ததன்று.

அரசாங்கத்தின் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. செப்பனிட்ட வீதி நகரத்துக்கே மிஞ்சும் என்றார்கள். அது ஓரளவு உண்மை. சென்னை மோட்டார்க் கார்த் தொழிலின் தலைநகர். இருங்காட்டுக்கோட்டையிலேயே பெரிய கார்த் தொழிற்சாலை இருக்கிறது. உலகத்தின் கண் இங்கே திரும்பினால் மேலும் தொழில் வரும் என்றார்கள். சிங்கப்பூரைக் காட்டினார்கள்.

சிங்கப்பூரின் கதை உண்மையிலேயே கவனிக்கத்தக்கது. 2008 முதல் அந்நகரத்தின் மரினா விரிகுடா வீதிகளிலே போர்முலா ஒன்று இரவுப் பந்தயம் நடைபெறுகிறது. செலவில் 60 சதவீதத்தை அரசாங்கம் ஏற்றது. இலட்சக்கணக்கான வெளிநாட்டார் வந்தனர். நூறு கோடி வெள்ளிக்கு மேல் உல்லாசப் பயண வருவாய் கிடைத்ததாக அரசாங்கமே கணக்குக் காட்டியது. சிறிய தீவு, பெரிய விமான நிலையம், நிறைந்த விடுதிகள், எதையும் காசாக்கத் தெரிந்த நிர்வாகம். அங்கே அது பலித்தது. ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கமும் உண்டு. அந்தப் பந்தயத்தைக் கொண்டுவருவதிலே ஆரம்பம் முதல் முன்னின்ற மந்திரி எஸ். ஈஸ்வரன், தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர், பந்தய உரிமையைக் கையில் வைத்திருந்த வர்த்தகரிடமிருந்து நுழைவுச்சீட்டுகள், விமானப் பயணம் முதலியவற்றைப் பெற்ற குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவர் மீதான குற்றங்களிலே சம்பந்தப்பட்ட அன்பளிப்புகளின் பெறுமதி 4 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். அவற்றுள் மதுப் போத்தல்களும் ஒரு துவிச்சக்கர வண்டியும் அடக்கம். மின்னல் வேகக் கார்களைக் கொண்டுவந்தவர் கடைசியிலே சைக்கிளிலும் அகப்பட்டுக்கொண்டார். 2024 ஒக்டோபரில் அவருக்கு 12 மாதச் சிறை கிடைத்தது. மந்திரியாயிருந்த ஒருவர் சிறை செல்வது அந்நாட்டிலே சுமார் அரை நூற்றாண்டுக்குப் பின் நேர்ந்தது. உலகத்திலேயே கட்டுப்பாடு மிகுந்த நிர்வாகம் என்று பெயரெடுத்த நாட்டிலேயே பந்தயப் பணத்தின் அருகே நின்ற கைக்கு இது நேர்ந்தது. கட்டுப்பாடு குறைந்த நாடுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

ஐதராபாத்திலே உசேன் சாகர் ஏரிக்கரையில் 2023 பெப்ரவரியில் மின்சாரக் கார்ப் பந்தயம் நடந்தது. ஆண்டு முடிவதற்குள் ஆட்சி மாறியது. 2024இல் நடக்கவிருந்த இரண்டாம் பந்தயம் கைவிடப்பட்டது. பந்தயத்துக்காகச் சுமார் 55 கோடி ரூபா முறைதவறிக் கொடுக்கப்பட்டதாக முன்னாள் மந்திரி மீது இலஞ்ச ஒழிப்புப் பிரிவு வழக்குப் பதிந்தது. அவர் குற்றத்தை மறுத்தார். ஸ்பெயின் நாட்டு வலென்சியாவிலே, மக்களுக்கு ஒரு சதமும் செலவில்லை என்ற உறுதிமொழியோடு துறைமுக வீதிகளில் 2008இல் பந்தயம் தொடங்கியது; ஐந்தே ஆண்டுகளில் நின்றுபோயிற்று; செலவோ பொதுத் திறைசேரியின் தலையிலே விழுந்தது. வியட்நாமின் ஹனோய் நகரத்துத் தடம் அதிலும் பரிதாபம். 2020இல் நடக்கவிருந்த முதற் பந்தயம் தொற்றுநோயால் நின்றது. அதற்குப் பின் ஒரு போர்முலா ஒன்று காரும் அங்கே போட்டிக்கு ஓடவில்லை.

கமக்கார வாசகர்கள் அறிய வேண்டிய கதை தில்லிக்கு அருகே, பெரிய நொய்டாவில் நடந்தது. அங்கே வீதியைத் தொடவில்லை, வயலைத் தொட்டார்கள். உத்தரப் பிரதேச அரசாங்கத்தின் அதிகார சபை யமுனை நெடுஞ்சாலையோரத்தில் விவசாயிகளிடமிருந்து நிலம் எடுத்து, சுமார் 1000 ஹெக்டேரை ஒரு பெருங்கம்பெனிக்கு ஒதுக்கியது. அதன் ஒரு பகுதியிலே ஐந்து கிலோ மீற்றருக்குச் சிறிது கூடிய நீளத்தில் அழகான பந்தயத் தடம் எழுந்தது. 2011 ஒக்டோபர் 30இல் முதற் பந்தயம். தமக்குத் தந்த நட்டஈடு போதாதென்று விவசாயிகள் அப்போதே குரல் எழுப்பினர். அந்தக் குரல் இயந்திர இரைச்சலில் அமிழ்ந்தது. மூன்று ஆண்டுகள் பந்தயம் நடந்தது. மூன்றிலும் ஜெர்மானியர் வெட்டலே வென்றார். பிறகு, இது விளையாட்டா கேளிக்கையா, வரி உண்டா இல்லையா என்ற தகராறுகள். 2013க்குப் பின் அந்தப் பந்தயம் திரும்பி வரவில்லை. கட்ட வேண்டிய பணத்தைக் கம்பெனி கட்டவில்லையென்று 2020இல் நில ஒதுக்கீடே இரத்துச் செய்யப்பட்டது. 2025இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கோதுமை விளைந்த நிலத்தின் வரலாற்றிலே பதினான்கு ஆண்டு ஒரு கண்சிமிட்டும் நேரம். அந்தச் சிறு காலத்துக்குள் பந்தயம் வந்தது, போனது, கம்பெனி சரிந்தது. நிலம் மட்டும் உழவனிடம் திரும்பவில்லை.

சென்னைத் தீவுத்திடலருகே குதிரை மீது தோமஸ் மன்றோவின் சிலை நிற்கிறது. 1820 முதல் 1827 வரை சென்னையின் ஆளுநராயிருந்தவர். இடைத்தரகனை நீக்கி ஒவ்வொரு உழவனோடும் அரசாங்கம் நேரே வரிக்கணக்கு வைத்துக்கொள்ளும் இரயத்துவாரி முறையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அவருடையது. அந்நிய ஆட்சியின் வரி கசப்பானதுதான். அதை நாம் புகழவில்லை. ஆனால் எந்த வயலுக்கு எவ்வளவு என்று எழுதிவைத்த கணக்கு அந்த ஆட்சியிடம் இருந்தது. அவரது குதிரையின் காலடியை அண்டி ஓடிய கார்களுக்குரிய கணக்கு எங்கே? எத்தனை நுழைவுச்சீட்டு விற்றது, அந்தப் பணம் எவரிடம் போயிற்று, எத்தனை வெளியூரார் வந்து விடுதியில் தங்கினர், பெயர்த்தெடுத்த சீமெந்துத் துண்டங்களும் விளக்குகளும் யாருடைய உடைமை? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. கூவத்தின் கரையிலே செலவிட்ட பணத்துக்கும் அது பொருந்தும்.

இதே அரசாங்கம் 2022இல் மாமல்லபுரத்திலே சதுரங்க ஒலிம்பியாட்டை நடத்தியபோது 90 கோடிக்கு மேல் ஒதுக்கியது. பந்தயத்துக்குக் கொடுத்ததைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல். அதை நாம் குறை கூறவில்லை, மனமார வரவேற்கிறோம். அன்று நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கப் பலகைபோலக் கறுப்பும் வெள்ளையுமாக வர்ணம் பூசினார்கள். சதுரங்கப் பலகை சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும், குடிசையிலும் விரிக்கலாம். 2024 டிசெம்பரில் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் உலகச் சம்பியன் ஆனார். சதுரங்க வகுப்பு நடக்கும் ஒவ்வொரு கிராமப் பாடசாலையிலும் அவர் படம் ஒரு பிள்ளையை எழுப்பி உட்கார வைக்கும். அதே பாலத்தின் மேலே ஓடிய பந்தயக் காரிலே ஏறுவதற்கு ஒரு பருவத்துக்கு எத்தனை இலட்சம் வேண்டும் என்று கேளுங்கள். பணமுள்ள தகப்பன் இல்லாத பிள்ளை அந்தப் படியின் அடியிலேயே நின்றுவிடும். பொதுப்பணம் அந்தப் பிள்ளையை ஏற்றிவிடப் பயன்படுமானால் நாமே முதலிற் கைதட்டுவோம்.

பார்வையாளரின் பாதுகாப்பைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஏப்ரல் 21இல் நம் நாட்டுத் தியத்தலாவையிலே, பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டுப் பாய்ந்து ஏழு உயிரைக் கொண்டுபோயிற்று. சென்னையிலே சுவரும் வலையும் இருந்தன. அந்த மட்டில் அவர்கள் செய்தது முறை. அதற்குத்தான் இவ்வளவு பணம் என்பதும் உண்மை. நிரந்தரத் தடத்திலே அதே சுவரையும் வலையையும் ஒருமுறை கட்டிவிட்டால் ஆண்டாண்டுக்கும் நிற்கும்.

சென்னையில் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உடன்படிக்கையையும் வரவு செலவையும் சட்டமன்றத்தின் மேசையிலே வைக்கட்டும். அடுத்த முறை செலவிடப் பணமிருந்தால், ஏழைப் பிள்ளைகள் சிலருக்குக் கார்ட் வண்டியும் இயந்திரப் பயிற்சியும் கொடுத்து இருங்காட்டுக்கோட்டைக்கு அனுப்பட்டும். பார்க்க விரும்பும் மக்களுக்குப் பேருந்து விடட்டும். பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையிலே போனால் தடம் வந்துவிடும். அங்கே எந்த வைத்தியசாலை வாசலையும் அடைக்க வேண்டியதில்லை.